ஓடுற மாதிரி ஒரு பேர் சொல்லுங்க

கோப்பை விற்கிற கடையில் உட்கார்ந்திருப்பவளிடம் வந்து குழந்தைக்குப் பேர் கேட்பார்கள் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், நான் பி.ஏ.வுக்குத் தமிழை எடுத்திருக்கவே மாட்டேன்.

தொண்ணூறுகளில் பெரும்பகுதி காந்திபுரத்தில், டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில், விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்த்தேன். பந்து, மட்டை, நெட் எல்லாம் உண்டு என்றாலும் எங்கள் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கோப்பையும் ஷீல்டும் மெடலும்தான். வாங்குகிற கோப்பையில் அங்கேயே பேர் வெட்டித் தருவோம். வெட்டுகிறவர் காளியப்பண்ணன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, சின்ன உளியும் சுத்தியலுமாக வாசலோரத்தில் உட்கார்ந்திருப்பார். பந்தயங்கள் இல்லாத மாதங்களில் பக்கத்து வெள்ளிக் கடைகளில் இருந்து குழந்தைகளுக்கான கிண்ணம், பாலாடை, கிலுகிலுப்பை எல்லாம் வரும். அவற்றிலும் அவர்தான் பேர் வெட்டுவார். பேரைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுப்பது என் வேலை.

நான் காலேஜில் வாலிபால் ஆடியவள். படித்தது தமிழ். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது தெரிந்ததும், கோயமுத்தூர் சுற்றுவட்டாரத்தில் விளையாடுகிற அத்தனை பேரும் எனக்கு ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், ஆகிவிட்டார்கள். பிள்ளை பிறந்த கையோடு சர்க்கரை டப்பாவுடன் கடைப்படி ஏறுவார்கள். "நல்லா ஓடற மாதிரி, தாவற மாதிரி, நடந்து வந்தா ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி ஒரு பேர் சொல்லுங்க." தமிழ் தெரியும் என்று ஒரே ஒருமுறை வாய்விட்ட பாவத்துக்கு ஆயுசு முழுக்க அடுத்தவர் பிள்ளைக்குப் பேர் தேடிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

மூச்சுப் பிடித்துப் பார்த்த பேர்

முதலில் மாட்டியது பழனிச்சாமியிடம். சோமனூரில் தறி ஓட்டுகிறவர். கபடியில் பாடிக்கொண்டே எதிராளி பக்கம் போய், தொட்டுவிட்டுத் திரும்புவதில் அந்தப் பக்கம் அவருக்கு இணை கிடையாது. ஒரு தடவை அவர் ஆட்டத்தை நானே பார்த்திருக்கிறேன். இடுப்பை ஒருத்தன், காலை ஒருத்தன் பிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தால், ஆள் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டார். அவருக்குப் பெண் பிறந்திருந்தது. "புடிச்சா நழுவோணும். அந்த மாதிரிப் பேருங்க" என்றார்.

நான் யோசித்து, பூங்கோதை என்றேன். பழனிச்சாமி கண்ணை மூடினார், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், கடைக்கு நடுவில் நின்றுகொண்டே "பூங்கோதை பூங்கோதை பூங்கோதை" என்று பாட ஆரம்பித்துவிட்டார். பந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டு, "கோதைக்குள்ள போறப்ப மூச்சு சிக்கிக்குதுங்க" என்றார். திலகவதி பாதியிலேயே மூச்சை வாங்கிவிட்டது. அலமேலு பரவாயில்லை என்றார். எனக்குச் சலித்துவிட்டது. சும்மா மீனா என்று வையுங்கள், மீன் மாதிரி நழுவும் என்றேன். அவர் மறுபடியும் கண்ணை மூடினார். "மீனா மீனா மீனா மீனா" என்று போய்க்கொண்டே இருந்தது. காளியப்பண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் மூச்சை விட்டபோது பழனிச்சாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எவங் கையிலயும் சிக்காதுங்க அம்மணி, இதையே வெட்டிப் போடுங்க!"

முட்டை வாங்கினால்

கிரிக்கெட் பைத்தியங்கள் தனி ரகம். பேங்க்கில் வேலை பார்க்கிற ஒருவர், தன் மகனுக்கு ஒரு பேட்ஸ்மேன் பேர்தான் என்று தீர்மானமாக வந்தார். யார் என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் தெருவிலும் அந்தப் பேரில் ரெண்டு மூன்று பையன்கள் இருப்பார்கள். அந்த ஆட்டக்காரர் பந்தை எப்படித் தள்ளுவார், முழங்கால் எப்படி மடியும், மணிக்கட்டு எப்படித் திரும்பும் என்று மனிதர் கல்லாவுக்கு முன்னால் நின்று ஆடிக் காட்டினார். எனக்கே அந்தப் பேர் பிடித்துப்போனது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்.

"அந்த ஆட்டக்காரரு முட்டை வாங்கி அவுட்டாகற அன்னைக்கெல்லாம் ஊரே என்ற பையன் பேரைச் சொல்லித் திட்டும், அதை நான் ஊட்டுக்குள்ள உக்காந்து கேட்டுட்டு இருக்கோணுமாக்கும்?"

மான் கூட்டம்

மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்கிற ஒருவரின் மகள், காலேஜில் தடை ஓட்டம் ஓடியவள். அந்தத் தடைகளை அவள் தாண்டினாள் என்றே சொல்ல முடியாது. தடைகள் தாமாகக் குனிந்து வழிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குப் பெண் பிறந்தபோது, மான் என்று அர்த்தம் வரவேண்டும், ஆனால் மான் என்று சொல்லக்கூடாது என்று கேட்டாள். ஹரிணி என்றேன். ஹரிணி என்றால் பெண்மான். அவள் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகப் போனாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. அடுத்து வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன். நான் சொல்லித்தான் பரவியது என்று சொல்ல மாட்டேன். ஊரில் மற்றவர்களும் அதே சமயம் அதே மானைப் பிடித்துவிட்டார்கள்.

சில வருஷம் போனது. ஒரு நர்சரி பள்ளிக்கூடத்து டீச்சர் மெடல்களில் பேர் வெட்டிக்கொள்ள வந்தார். எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து வாயில் கவ்விக்கொண்டு நடக்கும் பந்தயம். பேர்களை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் பரிசு ஹரிணி. ரெண்டாம் பரிசு ஹரிணி. நான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் பரிசும் ஹரிணி, இனிஷியல் மட்டும் வேறே. எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டுவிட்டு அழுத குழந்தை பேர் என்ன என்று வேண்டுமென்றே கேட்டேன். அதுவும் ஹரிணிதான். டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"என்ற கிளாஸுக்குள்ள ஒரே மான் கூட்டமா இருக்குதுங்க, அடுத்த வருசமாவது வேற ஏதாச்சும் மிருகத்தைச் சொல்லி அனுப்புங்க."

பாஸ்டர் சொன்ன பேர்

சாமுவேல் பீளமேட்டுப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் வேலை. அவருடைய அப்பா காலமெல்லாம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர். சாமுவேல் நாள் பூரா சூட்டில் நின்றுவிட்டு, சாயங்காலம் மைதானத்துக்கு வந்து கோல் போஸ்ட்டில் நிற்பார். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று நமக்குத் தெரிவதற்குள் அவர் அந்தப் பக்கம் பறந்துகொண்டிருப்பார். விழுந்தாலும் ஒரு சத்தம் வராது. பெண் பிறந்ததும் என்னிடம் வந்தார். பேர் வேதத்தில் இருக்க வேண்டும், அதே சமயம் துள்ள வேண்டும். எனக்கு வேதத்தில் அவ்வளவு ஞானம் இல்லை, உங்கள் பாஸ்டரிடமே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் மழையில் நனைந்துகொண்டே வந்தார். "கெடைச்சுருச்சுங்க. தபீத்தா!" கேட்கவே நன்றாகத்தான் இருந்தது, பேரே ரெண்டு குதி குதித்து இறங்குகிறது. அர்த்தம் என்ன என்று கேட்டேன். இயேசு காலத்து யூதர் பாஷையில் மான் என்றார். அந்த வாரம் மட்டும் நாலைந்து கிண்ணத்தில் ஹரிணி வெட்டி முடித்திருந்த காளியப்பண்ணன், உளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எந்தச் சாமிகிட்டப் போய்க் கேட்டாலும் மானைத்தான் ஓட்டி உடறாங்க அம்மணி."

கைமாறிய பேர்கள்

ரிலே ஓட்டத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதில் பேர் வாங்கிய பி.டி. வாத்தியார் ஒருவர் இருந்தார். கட்டையைக் கைமாற்றுவதுதான் உலகத்திலேயே அழகான காரியம் என்பார் அவர். ஓடுகிறவள் திரும்பிப் பார்க்கக்கூடாது, கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும், கட்டை தானாக வந்து உட்கார வேண்டும். அவருக்கு மூன்று பெண்கள். நாலாவதாகப் பையன் பிறந்திருந்தான். மனைவியும் குழந்தையுமாக வந்தார். பெண்களின் பேர் என்ன என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"நிர்மலா, லாவண்யா, யாமினி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், நிர்மலா முடியற 'லா'வுல லாவண்யா ஆரம்பிக்கறா. லாவண்யா முடியற 'யா'வுல யாமினி ஆரம்பிக்கறா. கட்டை கைமாறிட்டே வந்திருக்குது சார்!" தமிழில் இதற்கு அந்தாதி என்று பேர் என்றும் சொன்னேன். வாத்தியார் அசந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்படி நினைத்து அவர் வைக்கவில்லை, தானாக அமைந்திருக்கிறது. யாமினியின் 'னி'யில் தமிழில் எந்தப் பேரும் ஆரம்பிக்காது, காதுக்கு ஒன்றுபோல் கேட்கிற 'நி'யில் நித்திலன் என்று வைக்கலாம், கடைசி ஆள் யாருக்கும் கட்டையைக் கொடுக்க வேண்டியதில்லை, அதனால் எந்த எழுத்தில் முடிந்தாலும் சரி என்றேன். வாத்தியாருக்கு ஒரே உற்சாகம். ஒருவேளை இன்னொன்று பிறந்தால் 'ன்'னில் முடிகிறதே, அப்போது என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்தார்.

"நாலு பேரோட ரிலே முடிஞ்சுதுங்க அம்மணி, இனி ஓடறதுன்னா இவரையே பெத்து ஓடச் சொல்லுங்க."

அரிமாவும் மின்னலும்

பல்லடத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த ராமசாமி அண்ணனுக்குப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் காளையில்தான் வந்து நிற்கும். ரேக்ளா பந்தயத்தில் வண்டி இழுக்கிற காளை, பேர் மின்னல். அது ஓடுகிறதைவிட, ஓடி முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி நடந்து வருவதுதான் அழகு என்பார். அந்த வருஷம் காளைக்கு ஒரு கோப்பை கிடைத்திருந்தது. வீட்டில் பேரனும் பிறந்திருந்தான். காளையின் நடை பேரனுக்கு வரவேண்டும் என்று என்னிடம் பேர் கேட்டார். அரிமா என்றேன், சிங்கம். சரி என்று கோப்பையையும் வெள்ளிக் கிண்ணத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது காளியப்பண்ணன் ரெண்டையும் துடைத்து மேஜையில் வைத்தார். கோப்பையில் அரிமா என்றிருந்தது. கிண்ணத்தில் மின்னல் என்றிருந்தது. காளியப்பண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, தேய்த்துவிட்டு வேறே வெட்டித் தருவதாகச் சொன்னார். ராமசாமி அண்ணன் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

"பையன் இன்னும் பேர் சொன்னா திரும்பறதில்லீங்க, அவனுக்கு மாத்திக்கலாம், ஆனா மின்னலுன்னு கூப்புட்டாத்தான் தவுடு திங்கற காளைகிட்ட இதை எப்படிங்க எடுத்துச் சொல்றது?"

கனம் இல்லாத பேர்

பக்கத்துத் தெருவில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்த தங்கவேல், ஆணழகன் போட்டிகளுக்கெல்லாம் போய் வந்தவர். எங்கள் கடை வாசலில் அவர் வந்து நின்றால் உள்ளே விளக்குப் போட வேண்டும். அத்தனை பெரிய உடம்பு. குரல் மட்டும் மெல்லிசு. பிறந்து சில நாளே ஆன மகளை ரெண்டு கையிலும் ஏந்தி, உடைந்துவிடுமோ என்று மூச்சுகூட விடாமல் கொண்டு வந்தார். இவள் வளர்ந்து ஜிம்னாஸ்டிக்ஸ் ஆட வேண்டும், மேலே இருந்து குதித்தாலும் தரையில் சத்தம் கேட்கக்கூடாது, பேரும் அப்படி இருக்க வேண்டும் என்றார்.

தனலட்சுமி என்றேன். லட்சுமி என்றாலே நகை போட்டிருக்கும், கனம் என்றார். கற்பகவல்லி என்றதும் எடை போடுகிற மாதிரி உள்ளங்கையை ஏற்றி இறக்கிப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். மலர்விழி என்றேன். முகம் கொஞ்சம் மலர்ந்தது, ஆனாலும், "விழியை எடுத்துருங்க, அது வேற எதுக்குங்க அந்தப் பூ மேல?" என்றார். கடைசியில் மலர் என்று முடிந்தது. குழந்தையின் காதில் குனிந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். எனக்கே கேட்கவில்லை.

"நாள் பூரா கனத்தைத் தூக்கறவன் நானு, என்ற புள்ளை பேராவது லேசா இருக்கட்டுமுங்க."

தாண்டினவள் மகன்

வசந்தாவை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எனக்குத் தெரியும். உயரம் தாண்டுகிறவள். கொஞ்ச தூரம் சாவகாசமாக ஓடி வருவாள், கத்தரிக்கோல் மாதிரி ஒரு காலை வீசுவாள், அடுத்த காலும் போய்விடும், கம்பு அசையவே அசையாது. மணலில் இறங்கிவிட்டு அவள்தான் முதலில் திரும்பிக் கம்பைப் பார்ப்பாள், நாம் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருப்போம். கல்யாணம் ஆகி, காரமடைப் பக்கம் போனாள். ஒரு நாள் கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். கூட வீட்டுக்காரரும், அவருடைய அண்ணனும். துணியை விலக்கியபோதுதான் பார்த்தேன், குழந்தையின் ரெண்டு காலிலும் மாவுக்கட்டு. பாதம் ரெண்டும் உள்பக்கமாகத் திரும்பிப் பிறந்திருக்கிறது. கட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துகிறார்கள் என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "அக்கா, இவனுக்கு ஓடற மாதிரி ஒரு பேர் வேணும்."

அண்ணன்காரர் குறுக்கிட்டார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். "ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. நடக்கறதே எப்பன்னு தெரியல. ஓட்டக்காரன்னு பேரை வெச்சுப்போட்டா நாளைக்கு ஊரு சிரிக்காதா? பழனிக்கு வேண்டியிருக்குது, பழனியப்பன்னு வெச்சா முடிஞ்சுது." வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்தப் பக்கமே சாய்ந்தேன். பொதுவாக, அழகாக, குமரன் அல்லது சரவணன் என்று வைக்கலாமே என்று இழுத்தேன். வசந்தா என்னை நேராகப் பார்த்தாள். கம்பை அளக்கிற அதே பார்வை. "காலை டாக்டர் பாத்துக்குவாருக்கா. நீங்க பேரைப் பாருங்க." அதற்கப்புறம் நான் ஒளிவு மறைவு செய்யவில்லை. காற்று என்று அர்த்தம் வருகிற மாதிரி, சமீரன் என்றேன். வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். முதல் தடவையாக வாய் திறந்து, "நல்லாருக்குதுண்ணா" என்றார். அண்ணன்காரர் வெளியே போய் பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். காளியப்பண்ணன் அந்தக் கிண்ணத்தில் பேர் வெட்டும்போது ரேடியோவை நிறுத்திவிட்டு வெட்டினார்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை, இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் என்று வசந்தா அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாத வாரம் இல்லை. பாதி நாள் கூட வந்தவர் அந்த அண்ணன்காரர்தான். சில வருஷம் கழித்து அவர் மட்டும் பையனைக் கூட்டிக்கொண்டு கடைப்பக்கம் வந்தார். வலது கால் இன்னும் கொஞ்சம் உள்ளே திரும்பித்தான் இருந்தது. ஆனால் அதைச் சரியாகப் பார்க்க எங்கே விட்டான்? கோப்பை அலமாரிக்கு ஒரு ஓட்டம், வாசலுக்கு ஒரு ஓட்டம், அடுக்கி வைத்திருந்த ஃபுட்பால் அத்தனையும் உருண்டு தெருவுக்குப் போனது. பின்னாலேயே அவனும் போனான். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி, கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"பழனியப்பன்னு வெச்சிருந்தா மலை மேல சித்தெ நேரம் நின்னிருப்பான், காத்துன்னு பேர் வெச்சது நீங்கதானுங்களே, நீங்களே வந்து புடிச்சுக் குடுங்க!"

தனக்கே பேர் கேட்டவள்

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிற ஒரு பெண் கோப்பையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வந்தாள். மகள் படிக்கிற பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் அம்மாமார்களுக்கு ஓட்டப் பந்தயம் வைத்திருக்கிறார்கள். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியிருக்கிறாள். திரும்பிப் பார்த்தால் மற்றவர்கள் எல்லாம் பாதி மைதானத்தில் இருந்தார்களாம். அதைச் சொல்லும்போதே வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். கோப்பையில் பேர் வெட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன பேர் என்றேன். "பிரியா அம்மா" என்றாள். அது பிரியாவுக்கு அம்மா, ஓடினது யார் என்றேன். ஸ்கூலில் மைதிலி என்று சொல்லியிருப்பதாகச் சொன்னாள். சொல்லியிருக்கிறாள் என்றால்? அவள் குரலை இறக்கினாள். "பேரு மயிலாத்தாளுங்க. பழைய பேரு. அந்த இங்கிலீஷ் டீச்சருங்க முன்னால சொல்ல ஒரு மாதிரி இருந்துது." அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நீங்க பேரெல்லாம் வெச்சுக் குடுப்பீங்கன்னு மில்லுல சொன்னாங்க. எனக்கு ஒண்ணு வெச்சுக் குடுங்க. ஓட்டக்காரிக்கு வெக்கற மாதிரி நல்லதா."

அத்தனை வருஷத்தில் ஒருத்தரும் தனக்கென்று கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த பேர்களை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மானும் காற்றும் பூவுமாக வந்து வந்து போனது. எதுவுமே அவள் பேருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. "அம்மணி, மயிலு மாதிரிப் பேர் வேணும், மயிலு மாதிரிப் பேர் வேணும்னு காரு வெச்சுட்டு இங்க வந்து நிக்கறாங்க. உங்களுக்குப் பொறந்தப்பவே வெச்சுட்டாங்க. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அவள் நம்பவில்லை. நான் கேலி செய்கிறேனோ என்று முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் பேர் சொல்லும்போது ஒரு நாளும் அபிப்பிராயம் சொல்லாத காளியப்பண்ணன், உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுந்து வந்து கோப்பையை அவள் கையில் இருந்து வாங்கினார். "முழுசா வெட்டறேன். ஒரு எழுத்தையும் உடமாட்டேன்" என்றார். ஓரத்தில் சின்னதாக வெட்டச் சொல்லி அவள் கெஞ்சினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மயிலாத்தாள், முதல் பரிசு என்று கோப்பையின் நடு வயிற்றில், ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் வரை போனது. அவள் விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டே போனாள். 'ம'வில் ஆரம்பித்து 'ள்' வரைக்கும் போக நேரம் பிடித்தது. கோப்பையைத் திருப்பினாள், மறுபடியும் முதலில் இருந்து தடவினாள். போகும்போது தலைப்பில் மறைக்கவில்லை. பேர் தெரிகிற பக்கத்தை வெளியே வைத்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். இறங்கினவள் நின்று திரும்பினாள்.

"நல்லா நீளமா, தோகையாட்டவே இருக்குதுங்க!"

பேரை நாங்கள் வெட்டிக் கொடுத்துவிடலாம், ஓட வேண்டியது அவரவர் கால்தான் என்பதை மட்டும், வியாபாரம் ஆச்சே என்று, அத்தனை வருஷமும் ஒருத்தரிடமும் நான் வாய்திறந்து சொல்லவில்லை.